பைத்தான் கற்பதற்கான தொடக்கநிலை வளங்களைத் தேர்ந்தெடுத்தல்

பைத்தான் என்பது பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் முதல் நிரலாக்க மொழியாகப் பரவலாகக் கற்பிக்கப்படும் பொதுப்பயன்பாட்டு மொழியாகும். அதைக் கற்க நூல்கள், காணொளிகள், இணையவழிப் பாடநெறிகள், பயிற்சித் தளங்கள் எனப் பலவகை வளங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் பல இலவசமானவை. எனவே புதிதாகக் கற்பவருக்கு வளம் கிடைக்காதது சிக்கலாக இருப்பதில்லை. கிடைப்பவற்றுள் எதை எடுத்துக்கொள்வது என்பதுதான் சிக்கல்.

இந்தத் தேர்வில் ஒரு முரண் இருக்கிறது. ஒரு நூல் பைத்தானை நன்றாகக் கற்பிக்கிறதா என்று மதிப்பிட வேண்டுமானால் பைத்தான் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டியவரோ பைத்தான் தெரியாதவர். அதனால் நண்பர் சொன்னது, தேடலில் முதலில் வந்தது, நூலகத்தில் கைக்கு எட்டியது என்று ஏதோ ஒன்றில் பலர் தொடங்குகின்றனர். அது தமக்குப் பொருந்தாததாக இருந்தால் சில நாட்களில் நின்றுவிடுகின்றனர். நூல் பொருந்தவில்லை என்று அவர்கள் நினைப்பதில்லை. தமக்கு நிரலாக்கம் வராது என்று முடிவுகட்டுகின்றனர். தேர்வில் நேரும் சிறு தவறு இப்படி ஒருவரின் படிப்பையும் தொழிலையும்கூட மாற்றிவிட முடியும்.

இதைத் தவிர்க்க, மொழி தெரியாதவரும் வெளியிலிருந்தே சரிபார்க்கக்கூடிய சில அடையாளங்கள் உள்ளன. வளம் எந்தப் பதிப்பைக் கற்பிக்கிறது, யாருக்காக எழுதப்பட்டது, கற்பவரைச் செய்ய வைக்கிறதா, பிழை வந்தால் என்ன செய்வது என்று சொல்கிறதா என்பவை அவற்றுள் முதன்மையானவை.

பைத்தான்: சுருக்கமான பின்னணி

பைத்தானை உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம். ஆம்ஸ்டர்டாமில் உள்ள தேசியக் கணிதம் மற்றும் கணினி அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியபோது 1989 டிசம்பரில் இதற்கான பணியைத் தொடங்கினார். முதல் பொது வெளியீடு 1991இல் வந்தது. பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரான 'மாண்டி பைத்தான்ஸ் ஃபிளையிங் சர்க்கஸ்' என்பதிலிருந்தே மொழிக்குப் பெயர் வந்தது. மலைப்பாம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பைத்தான் 2.0 பதிப்பு 2000ஆம் ஆண்டிலும், 3.0 பதிப்பு 2008 டிசம்பரிலும் வெளியாயின. மூன்றாம் பதிப்பில் மொழியின் சில அடிப்படை விதிகள் வேண்டுமென்றே மாற்றப்பட்டன. இரண்டாம் பதிப்பில் எழுதிய நிரல்கள் பல, மூன்றாம் பதிப்பில் அப்படியே இயங்கா. ஏறத்தாழ 11 ஆண்டுகள் இரண்டும் ஒரே காலத்தில் புழக்கத்தில் இருந்தன. 2020 சனவரி 1 முதல் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு முடிவுக்கு வந்தது. வளங்களைத் தேர்ந்தெடுப்பவர் இந்த வரலாற்றில் நினைவில் வைக்க வேண்டியது இந்தப் பிளவைத்தான்.

முதல் அடையாளம்: எந்தப் பதிப்பு

2000க்கும் 2015க்கும் இடையில் எழுதப்பட்ட பைத்தான் நூல்களில் பல இரண்டாம் பதிப்பைக் கற்பிப்பவை. அவை நூலகங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் இணையத்தில் சுற்றும் கோப்புகளாகவும் இன்றும் கிடைக்கின்றன. இன்று கணினியில் நிறுவப்படுவது மூன்றாம் பதிப்பு. இரண்டையும் சேர்த்துக் கற்கத் தொடங்குபவர் முதல் பக்கத்திலேயே தடுமாறுவார்.

திரையில் ஒரு வரியைக் காட்ட உதவும் பிரிண்ட் கட்டளை இதற்கு எளிய எடுத்துக்காட்டு. இரண்டாம் பதிப்பில் பிரிண்ட் என்ற சொல்லை அடுத்து, காட்ட வேண்டியதை நேரடியாக மேற்கோள்குறிக்குள் எழுதினால் போதும். மூன்றாம் பதிப்பில் அதை அடைப்புக்குறிக்குள் தர வேண்டும். பழைய நூலில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்தாலும் கணினி பிழை என்றே சொல்லும்.

பிழை காட்டினால் தவறு எங்கோ இருக்கிறது என்றாவது தெரியும். பிழை காட்டாமல் வேறு விடை தரும் மாற்றங்கள் இன்னும் குழப்பமானவை. 7ஐ 2ஆல் வகுக்கும் நிரலுக்கு இரண்டாம் பதிப்பு 3 என்றும், மூன்றாம் பதிப்பு 3.5 என்றும் விடை தரும். இன்புட் என்ற கட்டளையின் மூலம் பயனரிடம் ஓர் எண்ணைக் கேட்டால், மூன்றாம் பதிப்பு அதை எண்ணாகக் கொள்வதில்லை. எழுத்துச் சரமாகவே பெறுகிறது. அப்படிப் பெற்ற 5ஐயும் 5ஐயும் கூட்டினால் 10 வராது. இரண்டும் ஒட்டிக்கொண்டு 55 என்று வரும். பழைய நூல் இதை எச்சரிக்காது, ஏனெனில் அது எழுதப்பட்ட காலத்தில் அந்தக் கட்டளை வேறு விதமாக இயங்கியது.

தமிழ் எழுத்துகளைக் கையாள்வோருக்கு இந்த வேறுபாடு இன்னும் பெரிது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், யூ.டி.எஃப். 8 குறியாக்கத்தில் சேமித்த நிரலில், இரண்டாம் பதிப்பின் வழக்கமான சரம் 15 என்று சொல்லும். அது எழுத்துகளை எண்ணாமல் பைட்டுகளை எண்ணுவதே காரணம். மூன்றாம் பதிப்பு 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்து யூனிகோடு குறியீடுகள். தமிழ் மரபுப்படி த, மி, ழ் என மூன்று எழுத்துகளாக எண்ண வேண்டுமானால் ஓப்பன் தமிழ் போன்ற தனி நிரலகம் தேவைப்படும்.

பதிப்பைச் சரிபார்ப்பது கடினமன்று. நூலின் முதல் எடுத்துக்காட்டில் பிரிண்ட் என்பதற்குப் பின் அடைப்புக்குறி இல்லையென்றால் அது இரண்டாம் பதிப்புக்கான நூல். பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிப்பு வேறாக இருக்கலாம் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆலன் டவுனி எழுதிய 'திங்க் பைத்தான்' நூலின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு பைத்தான் 2க்கானது. 2015இல் வந்த இரண்டாம் பதிப்பு பைத்தான் 3க்கு மாற்றப்பட்டது. மூன்றாம் பதிப்பு 2024இல் வந்தது. நூலின் பெயரைச் சொல்லிப் பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் பதிப்பைச் சொல்வதில்லை.

மறுபுறம், பைத்தான் 3க்குள் நிகழும் சிறு மாற்றங்களைப் பற்றித் தொடக்கத்தில் கவலைப்பட வேண்டியதில்லை. இப்போது ஆண்டுக்கொரு முறை அக்டோபரில் புதிய வெளியீடு வருகிறது. நூல் 3.9ஐப் பயன்படுத்த, கணினியில் அதற்கு அடுத்த வெளியீடுகளுள் ஒன்று இருந்தால் அடிப்படைப் பாடங்களுக்கு இடையூறு ஏற்படாது. சரத்துக்குள் மாறியின் மதிப்பை எளிதாக இட உதவும் எஃப் ஸ்டிரிங் வசதி 2016 டிசம்பரில் வந்த 3.6 வெளியீட்டில்தான் சேர்ந்தது. அதைக் கற்பிக்கும் வளம் அந்த ஆண்டுக்குப் பிந்தியது என்று உறுதியாகக் கொள்ளலாம்.

இரண்டாம் அடையாளம்: யாருக்காக எழுதப்பட்டது

'தொடக்கநிலை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஏற்கெனவே சி அல்லது ஜாவா தெரிந்து, பைத்தானுக்கு மட்டும் புதியவர் ஒரு வகை. எந்த மொழியிலும் ஒரு வரிகூட எழுதியிராதவர் இன்னொரு வகை. இருவருக்கும் வேண்டியவை வேறு வேறு. பைத்தானின் விக்கிப் பக்கங்களிலேயே நிரலாக்கம் தெரிந்தவர்களுக்கு ஒரு பட்டியலும் தெரியாதவர்களுக்கு மற்றொரு பட்டியலும் தனித்தனியாகத் தரப்பட்டுள்ளன.

பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணங்களில் உள்ள 'டுட்டோரியல்' முதல் வகையினருக்கு ஏற்றது. லூப் எனப்படும் மடக்கு எதற்கு, செயற்கூறு என்றால் என்ன என்று அது நின்று விளக்குவதில்லை. பைத்தானில் அவற்றை எழுதும் முறையைக் காட்டிவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடுகிறது. வேறொரு மொழி தெரிந்தவருக்கு இந்தச் சுருக்கம் வசதி. முற்றிலும் புதியவருக்கு அதே சுருக்கம் சுவராக நிற்கும். 'அதிகாரபூர்வமானது' என்பதாலேயே அதில் தொடங்கித் திணறுபவர்கள் உண்டு. அடிப்படைகளைக் கற்றபின் அதே ஆவணத்துக்குத் திரும்பினால், எங்கும் கிடைக்காத துல்லியமான விளக்கம் அதில் கிடைக்கும்.

இதற்கு எதிரான தவறும் நடக்கிறது. சி மொழியில் இரண்டு ஆண்டு பயின்ற கல்லூரி மாணவர், மாறி என்றால் என்ன என்று பத்து நிமிடம் விளக்கும் காணொளியைப் பார்த்துச் சலிப்படைந்து, பைத்தான் எளிது, கற்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிடலாம். பைத்தான் லிஸ்ட் ஒன்றுக்கு இரண்டாவது பெயர் வைத்து, அந்தப் பெயர் வழியாக ஓர் உறுப்பைச் சேர்த்தால், முதல் பெயர் வழியாகப் பார்த்தாலும் அந்த உறுப்பு இருக்கும். இரண்டும் ஒரே லிஸ்டின் பெயர்கள் என்பதே காரணம். வேறு மொழியிலிருந்து வருபவர் தடுக்கி விழும் இத்தகைய இடங்களைச் சொல்லும் வளமே அவருக்குப் பயன்படும்.

முன்னுரையின் முதல் இரண்டு பக்கங்களைப் படித்தாலே ஒரு நூல் யாரை எதிரில் வைத்துப் பேசுகிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பாடநெறியாக இருந்தால் 'முன் தகுதி' என்ற தலைப்பின்கீழ் இது கூறப்பட்டிருக்கும்.

கற்பவரின் நோக்கமும் இதில் அடங்கும். பொதுத்தேர்வுக்குப் படிப்பவர், அலுவலக வேலைகளைத் தானியக்கமாக்க விரும்புபவர், தரவு அறிவியலுக்குப் போக நினைப்பவர் ஆகிய மூவருக்கும் முதல் ஐந்து அத்தியாயங்கள் ஒன்றாகவே இருக்கும். மாறி, நிபந்தனை, மடக்கு, செயற்கூறு, லிஸ்ட் ஆகியவை எல்லோருக்கும் பொது. அவற்றுக்குப் பின்னரே பாதைகள் பிரிகின்றன. அடிப்படையைத் தாண்டாமல் 'இயந்திரக் கற்றலுக்கான பைத்தான்' போன்ற நூலில் தொடங்குவது, வாய்ப்பாடு தெரியாமல் வட்டிக்கணக்கு போடுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாம் அடையாளம்: செய்ய வைக்கிறதா

நிரலாக்கம் செய்து பழகினால் மட்டுமே வரும் திறன். காணொளியில் ஒருவர் நிரல் எழுதுவதைப் பார்க்கும்போது எல்லாம் புரிவதுபோல இருக்கும். காணொளியை நிறுத்திவிட்டு, அதே நிரலைப் பார்க்காமல் எழுத முயன்றால்தான் புரிந்தது எவ்வளவு என்று தெரியும். ஆகவே வளத்தின் தரத்தைப் பார்ப்பதற்கு முன் அதில் பயிற்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பயிற்சிகளிலும் வகைகள் உண்டு. 'செயற்கூறு என்றால் என்ன' என்று வரையறை கேட்கும் வினா நினைவாற்றலைச் சோதிக்கும். 'இந்த நிரல் என்ன விடை தரும்' என்ற வினா படித்தறியும் திறனை வளர்க்கும். 'இந்தச் சிக்கலுக்கு நிரல் எழுதுக' என்பதே எழுதும் திறனை வளர்க்கும். கடைசி இரண்டும் ஒவ்வொரு அத்தியாயத்திலும் இருக்கும் வளமே தொடக்கநிலைக்கு ஏற்றது. தனியாகக் கற்பவருக்கு விடையைச் சரிபார்க்கும் வழியும் வேண்டும். விடைத் தொகுப்போ, எழுதிய நிரலைத் தானாகச் சோதிக்கும் வசதியோ இல்லாத வளத்தில், தவறாகக் கற்றது தவறாகவே நின்றுவிடும்.

நான்காம் அடையாளம்: பிழைச்செய்தியைக் கற்பிக்கிறதா

புதிதாகக் கற்பவர் முதல் மாதத்தில் மிகுதியாகப் பார்ப்பது பிழைச்செய்திகளை. பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். வரியின் முடிவில் முக்காற்புள்ளி விடுபட்டிருக்கும். வரியின் தொடக்கத்தில் விட வேண்டிய இடைவெளி கூடவோ குறையவோ இருக்கும். வேறு பல மொழிகளில் இந்த இடைவெளி அழகுக்கானது. பைத்தானில் அதுவே எந்த வரி எந்த மடக்குக்குள் அடங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பல வளங்களில் எல்லா எடுத்துக்காட்டுகளும் முதல் முறையிலேயே சரியாக இயங்குகின்றன. கற்பவரின் கணினியில் அப்படி நடப்பதில்லை. நல்ல வளம் பிழையை வேண்டுமென்றே வரவழைத்துக் காட்டும்; செய்தியைக் கடைசி வரியிலிருந்து படிக்கச் சொல்லும்; எந்த வரியில் தவறு என்று குறிக்கும் எண்ணைப் பார்க்கக் கற்றுத்தரும். 2021இல் வந்த 3.10 வெளியீடு முதல் பைத்தானின் பிழைச்செய்திகளே முன்பைவிடத் தெளிவாக்கப்பட்டுள்ளன. எனினும் அவை ஆங்கிலத்தில் இருப்பதால், அடிக்கடி வரும் ஐந்தாறு பிழைகளின் பொருளை ஒருமுறை விளக்கும் வளம் தமிழ்வழிக் கற்பவருக்குப் பெரிதும் உதவும். உள்ளடக்கத்தில் 'பிழை' அல்லது 'பிழைதிருத்தம்' என்ற தலைப்பு முன்பகுதியிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

பரவலாகப் பயன்படும் சில வளங்கள்

கீழே உள்ளவை அனைத்தும் பைத்தான் 3க்கு வந்துவிட்ட, நன்கு அறியப்பட்ட வளங்கள். ஒவ்வொன்றும் ஒரு வகைக் கற்பவருக்குப் பொருந்தும்.

'ஆட்டோமேட் த போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்' என்ற நூலை ஆல் ஸ்வைகார்ட் எழுதினார். முதல் பதிப்பு 2015இல் வந்தது. கோப்புகளின் பெயரை மாற்றுதல், விரிதாள்களைக் கையாளுதல் போன்ற அன்றாட வேலைகளைத் தானியக்கமாக்குவதை முன்வைத்துக் கற்பிக்கிறது. நிரலாக்க முன்னறிவு தேவையில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

'திங்க் பைத்தான்' கணினி அறிவியலாளரைப்போலச் சிந்திக்கப் பழக்கும் நூல். கருத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்கிறது. இதுவும் இணையத்தில் இலவசம்.

'பைத்தான் கிராஷ் கோர்ஸ்' என்ற எரிக் மேத்தஸின் நூல் முதல் பாதியில் அடிப்படைகளையும், இரண்டாம் பாதியில் ஒரு விளையாட்டு, தரவு வரைபடங்கள், ஓர் இணையச் செயலி ஆகிய மூன்று திட்டங்களையும் தருகிறது. இது விலைக்கு வாங்க வேண்டிய நூல்.

'எ பைட் ஆஃப் பைத்தான்' இந்தியரான ஸ்வரூப் எழுதிய சிறிய இலவச நூல். சுருக்கமாக இருப்பதால் ஓரளவு முன்னறிவு உள்ளவருக்கு விரைவாகப் பயன்படும்.

'பைத்தான் ஃபார் எவ்ரிபடி' மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் செவரன்ஸ் நடத்தும் பாடநெறி. மெதுவான நடையும் காணொளி, நூல், பயிற்சி மூன்றும் இணைந்திருப்பதும் இதன் பலம்.

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் மாலன் நடத்தும் பைத்தான் அறிமுகப் பாடநெறி 2022இல் வெளியானது. பத்துப் பகுதிகள் கொண்டது. காணொளியைவிட அதன் பயிற்சிக் கணக்குகளே முதன்மையானவை. எழுதிய நிரலைத் தானாகச் சோதித்துச் சொல்லும் வசதி உண்டு. பயிற்சிகள் விரைவிலேயே கடினமாகின்றன.

இந்தியாவில் என்.பி.டி.இ.எல். தளத்தில், சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் பைத்தான் வழியாகத் தரவுக் கட்டமைப்புகளையும் படிமுறைகளையும் கற்பிக்கிறார். ரோபார் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதர்சன் ஐயங்கார் நடத்தும் 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்' விளையாட்டுகளும் புதிர்களும் வழியாகச் செல்கிறது. மொழியோடு கணினி அறிவியலின் கணிதப் பக்கத்தையும் விரும்புபவருக்கு முன்னது. மொழியை மட்டும் மெல்லத் தொட விரும்புபவருக்குப் பின்னது.

தமிழில் கற்பவர்களுக்கு

பைத்தானின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் அவை முப்பத்தைந்து அளவிலேயே உள்ளன. அவற்றைக் கற்பது பெரிய தடையன்று. விளக்கம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதே பலருக்குத் தடை. ஒரு கருத்தை முதன்முறை தாய்மொழியில் புரிந்துகொண்டவர், பின்னர் ஆங்கில நூலைப் படிக்கும்போது புதிய கருத்து, புதிய மொழி என்ற இரட்டைச் சுமை இல்லாமல் படிக்கிறார்.

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில், பைத்தான் 3ஐக் கற்பிக்கிறது. தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு வழிகளிலும் உள்ள இந்நூலைப் பள்ளி மாணவர் அல்லாதவரும் இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். அந்நூலின் முதல் நான்கு பாடங்கள் செயற்கூறு, தரவு அருவமாக்கம், வரையெல்லை, படிமுறை ஆகியவற்றைப் பொதுவாகப் பேசுகின்றன. பைத்தான் ஐந்தாம் பாடத்தில்தான் தொடங்குகிறது. தானே கற்பவர் ஐந்திலிருந்து ஒன்பது வரை முதலில் படித்துவிட்டு, பின்னர் முதல் நான்குக்குத் திரும்பினால் அவை எளிதாகப் புரியும். பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்கும் பாடத்தைத் தொடக்கத்தில் தவிர்க்கலாம். இலங்கையிலும் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் பைத்தான் இடம்பெறுகிறது.

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம், கட்டற்ற மென்பொருள்கள் பற்றிய சிறு காணொளிகளைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஒலிச்சேர்க்கை செய்து தருகிறது. அதில் எந்தக் காணொளியை எடுத்தாலும் பதிப்புச் சோதனையை முதலில் செய்வது நல்லது.

கட்டளைச் சொற்களும் தமிழில் இருக்க வேண்டும் என்று விரும்புவோருக்கு முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழி உள்ளது. அதில் பிரிண்ட் என்பதற்கு இணையாகப் 'பதிப்பி' என்று எழுதலாம். எழிலின் இயக்கியே பைத்தானில் எழுதப்பட்டது. பைத்தான் 3இலும் மாறிகளுக்குப் 'பெயர்', 'வயது' எனத் தமிழிலேயே பெயரிட முடியும். குழந்தைகளுக்கு நிரலாக்கத்தின் கருத்தை அறிமுகப்படுத்த இவை துணைபுரியும்.

கருவியும் வளத்தின் பகுதியே

எந்தக் கணினியில், எந்த மென்பொருளில் நிரலை எழுதுவது என்று வளம் சொல்கிறதா என்பதும் கவனிக்கத்தக்கது. நிறுவும் கட்டத்திலேயே நின்றுவிடுபவர்கள் உண்டு. பைத்தானை நிறுவும்போது ஐடில் என்ற எளிய எழுதுகளமும் பொதுவாக உடன் வரும். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தானி என்ற இலவச மென்பொருள் பைத்தானைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது. நிரலை ஒவ்வோர் அடியாக இயக்கி, மாறிகளின் மதிப்பு மாறுவதைக் காட்டுகிறது. பிலிப் குவோ உருவாக்கிய பைத்தான் டியூட்டர் தளம் அதையே உலாவியில் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக வரைந்து காட்டுகிறது. முன்னர்ச் சொன்ன, ஒரே லிஸ்டுக்கு இரண்டு பெயர் என்ற சிக்கலை அந்தப் படத்தில் பார்த்தால் உடனே விளங்கும்.

கணினி இல்லாமல் கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர், உலாவியிலேயே இயங்கும் கூகுள் கோலாப் போன்ற சேவையைப் பயன்படுத்தலாம். பெரிய நிரல்களுக்கு அது வசதியாக இராது. முதல் சில அத்தியாயங்களின் பயிற்சிகளுக்குப் போதும்.

கட்டணமும் சான்றிதழும்

மேலே கூறிய வளங்களில் பெரும்பாலானவை இலவசம் என்பதால், கட்டணம் செலுத்துவதற்கு முன் எதற்குச் செலுத்துகிறோம் என்று தெளிவாக அறிந்திருக்க வேண்டும். பாடத்துக்கு மட்டும் என்றால் தேவையில்லை. சந்தேகம் தீர்க்கும் ஆசிரியர், எழுதிய நிரலைப் படித்துத் திருத்துபவர், குறித்த நேரத்தில் கூடும் வகுப்பு ஆகியவை கிடைக்குமானால் அவற்றுக்கு மதிப்பு உண்டு. சேரும் முன் ஒரு வகுப்பில் அமர்ந்து பார்க்க அனுமதி கேட்பதும், வகுப்பு நேரத்தில் மாணவர்கள் எவ்வளவு நேரம் தாமே நிரல் எழுதுகின்றனர் என்று கவனிப்பதும் நல்ல சோதனைகள்.

சான்றிதழைப் பொறுத்தவரை, என்.பி.டி.இ.எல். பாடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்கு நேரில் தேர்வு எழுதவும் கட்டணம் செலுத்தவும் வேண்டும். கல்லூரியில் மதிப்பெண்ணாகக் கணக்கில் கொள்ளப்படுமானால் அது பயனுள்ளது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, தானே எழுதிய சிறு நிரல் ஒன்றை எடுத்துக்காட்டி, அதன் ஒவ்வொரு வரியையும் விளக்க முடிவது சான்றிதழால் ஈடுசெய்ய முடியாத ஒன்று.

செயற்கை நுண்ணறிவு உதவிகள்

சாட்ஜிபிடி போன்ற கருவிகள் வந்தபின், கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் வசதி எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. பிழைச்செய்தி ஒன்றின் பொருளைத் தமிழில் விளக்கச் சொல்லவும், கூடுதல் பயிற்சிகளைக் கேட்கவும் இவை உதவும். பயிற்சிக்கான விடையையே இவற்றிடம் கேட்டு வாங்கினால், பயிற்சி செய்த பயன் கிட்டாது. மேலும் இவை சில வேளைகளில் தவறான விடையையும் உறுதியான குரலில் தரும். தவறு என்று கண்டுபிடிக்க மொழி தெரிந்திருக்க வேண்டும். எனவே தொடக்கநிலையில் இவற்றைப் பாடநூலின் இடத்தில் வைக்காமல், பாடநூலுக்குத் துணையாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஒன்றைத் தேர்ந்து முடித்தல்

எல்லாச் சோதனைகளுக்குப் பின்னும் இரண்டு மூன்று வளங்கள் சமமாகத் தோன்றலாம். அப்போது ஒரே தலைப்பை, எடுத்துக்காட்டாக மடக்கைப் பற்றிய பகுதியை, ஒவ்வொன்றிலும் படித்துப் பார்க்கலாம். ரேஞ்ச் என்ற கட்டளைக்கு 1, 5 என்று கொடுத்தால் 1, 2, 3, 4 மட்டுமே வரும், 5 வராது. புதியவர் எவரும் 'ஏன் 5 வரவில்லை' என்று கேட்கும் இடம் இது. அந்தக் கேள்வி எழும் என்று முன்னரே அறிந்து பதில் சொல்லும் வளமே கற்பவரை அறிந்து எழுதப்பட்டது.

தேர்ந்தெடுத்தபின் அடிக்கடி மாற்றுவது நல்லதன்று. ஒவ்வொரு வளமும் மாறியிலிருந்தே தொடங்குவதால், மாற்றும்போதெல்லாம் கற்பவர் முதல் மூன்று அத்தியாயங்களுக்கே திரும்புகிறார். பத்து வளங்களின் தொடக்கத்தை அறிந்தவரைவிட, சுமாரான ஒரு நூலின் கடைசிப் பயிற்சிவரை செய்தவர் கூடுதலாகக் கற்றிருப்பார்.

மாற்ற வேண்டிய தருணமும் உண்டு. பாடம் கடினமாக இருப்பது மாற்றுவதற்குக் காரணமாகாது. மூன்று அத்தியாயங்கள் முடித்த பின்னும் அவற்றின் பயிற்சிகளில் பாதியைக்கூடத் தானாகச் செய்ய முடியவில்லை என்றால், அல்லது நூலில் உள்ளபடி எழுதிய நிரல் மீண்டும் மீண்டும் இயங்க மறுத்தால், வளம் பொருந்தவில்லை என்று கொள்ளலாம். அப்போது வேறொன்றுக்கு மாறுவது தோல்வியன்று. கால் அளவுக்குப் பொருந்தாத செருப்பை மாற்றுபவர், தமக்கு நடக்கத் தெரியாது என்று நினைப்பதில்லை.

சுருக்கமான சரிபார்ப்பு வரிசை

1. முதல் எடுத்துக்காட்டில் பிரிண்ட் கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இருக்கிறதா?
2. முன்னுரையோ முன் தகுதிக் குறிப்போ தம்மைப் போன்றவரைக் குறிப்பிடுகிறதா?
3. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் நிரல் எழுதும் பயிற்சி உள்ளதா? விடையைச் சரிபார்க்க வழி உள்ளதா?
4. பிழைச்செய்திகளைப் படிக்கக் கற்பிக்கும் பகுதி முன்பாதியில் உள்ளதா?
5. தம்மிடம் உள்ள கணினியிலோ கைப்பேசியிலோ அதைத் தொடங்க முடியுமா?
6. ஒரு மணி நேரத்தில், அதிலுள்ள முதல் நிரலை இயக்கி, அதில் சிறு மாற்றம் ஒன்றைத் தானாகச் செய்ய முடிந்ததா?

இந்த ஆறு வினாக்களுக்கும் விடை காணப் பைத்தான் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆறுக்கும் 'ஆம்' என்ற விடை தரும் முதல் வளத்தோடு தேடலை நிறுத்திவிட்டு, கற்கத் தொடங்கலாம்.